புதியவரின் கேள்விக்கு மதிப்பளிப்போம்

நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கின்றது. பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கியதாக இருக்கலாம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறையில் வந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்ததாகவும் இருக்கலாம். ஏழெட்டு ஆண்டுகளாகக் குறையின்றி உழைத்துவந்த அக்கருவிகளுக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஒரு சோதனை வந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குத் தான் அளித்துவந்த வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அன்றோடு நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பும், ஏறத்தாழ 2018க்குப் பிந்தைய செயலியும் வேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டுள்ளது. விசைப்பலகை நன்றாக இருக்கின்றது, திரை நன்றாக இருக்கின்றது, ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் தகுதியற்றது எனத் தள்ளப்பட்டுவிட்டது!

இந்நிலையில் அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவர் கூறும் அறிவுரை யாது? "லினக்ஸ் போட்டுவிடுங்கள். இலவசம்தான். நன்றாக ஓடும்." அவர் கூறுவது உண்மையே. அவரே ஒரு விடுமுறை நாளில் வந்து இரண்டு மணி நேரத்தில் நிறுவியும் கொடுத்துவிடுகின்றார். முதல் நாள் எல்லாம் அழகாகத் தெரிகின்றது. மூன்றாம் நாள் பிரிண்டர் அசைய மறுக்கின்றது. ஐந்தாம் நாள் திரையில் புரியாத ஆங்கில வாசகம் ஒன்று தோன்றுகின்றது. நிறுவிக் கொடுத்தவருக்குத் தொலைபேசியில் பேசினால், "அதைக்கூடவா உங்களால் பார்க்க முடியவில்லை?" என்கின்றார். பத்தாம் நாள் அந்தக் கம்ப்யூட்டர் பீரோவின் மேல் ஏறிவிடுகின்றது. அல்லது, எங்கிருந்தோ பெற்ற திருட்டு விண்டோஸ் அதில் குடியேறிவிடுகின்றது. "லினக்ஸ் நமக்கெல்லாம் ஒத்துவராது" எனும் தீர்ப்பும் அந்த இல்லத்தில் நிலைபெற்றுவிடுகின்றது.

இத்தோல்வி யாருடையது? மென்பொருளிலும் குறைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பெரும்பாலான இடங்களில் தோற்றது உதவி செய்தவரின் முறையே என்பது என் உறுதியான கருத்து. நம் பிள்ளைகளுள் எத்தனையோ பேர் பொறியியல் கல்லூரிகளில் பயில்கின்றனர். குடும்பத்தில் எவருக்குக் கம்ப்யூட்டரில் சிக்கல் வந்தாலும் முதலில் அழைக்கப்படுபவர்கள் அவர்களே. ஆதலால் இம்மாதம் அவர்களை நோக்கியே எழுதுகின்றேன்.

முதலில், லினக்ஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கம்ப்யூட்டரின் உறுப்புகளை இயக்கி, நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கு இடமளிக்கும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் அதில் ஒன்று. அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதை நாம் படிக்க முடியாது, திருத்த முடியாது, பிரதி எடுத்துப் பிறருக்கு வழங்கவும் கூடாது. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்து, யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள 'குனு' எனும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. நடுநாயகமான கருப்பகுதி மட்டும் முழுமையடையாமல் இருந்தது. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அப்பகுதியை எழுதினார். மறு ஆண்டே அதனைக் குனுவின் உரிம விதிகளின்கீழ் வெளியிட்டார். இரண்டும் இணைந்ததே இன்று நாம் பொதுவாக லினக்ஸ் என்றழைப்பது. பழைய கிதாபு ஒன்றை ஒருவர் படியெடுக்க, மற்றொருவர் ஓரத்தில் விளக்கவுரை எழுத, வேறொருவர் பிழை திருத்த, அது ஊர் ஊராய்ச் சென்று வளர்வதைப் போன்றது இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே படியெடுப்பவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்கள் செய்யும் திருத்தம் சில நாட்களிலேயே எல்லாப் பிரதிகளையும் சென்றடைந்துவிடுகின்றது.

இவ்வரலாற்றில் இளைஞர்கள் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட அறிவிப்பில் பெருமிதம் ஏதுமில்லை. மினிக்ஸ் எனும் வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்திவந்தவர்களை நோக்கி, அதில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்றே அவர் வினவினார். தாம் செய்வது வெறும் பொழுதுபோக்கு முயற்சி, பெரிதாக ஒன்றும் வளராது என்றும் குறிப்பிட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்னர் இயங்குதளத் தர விதிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டவரும் அவரே. இன்று உலகின் பெரும் கணினிகளிலும், நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளேயும் இயங்குவது, விவரம் கேட்டு நின்ற ஒரு மாணவரின் வினாவிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆனால், லினக்ஸ் அறிந்தோரிடையே பின்னர் ஒரு தீய பழக்கம் பரவியது. புதியவர் எதைக் கேட்டாலும் 'ஆர்.டி.எஃப்.எம்.' என்று நான்கெழுத்தில் பதிலளிப்பர். கையேட்டைப் படி என்பது அதன் பொருள். இடையிலுள்ள ஓரெழுத்து குடும்பப் பத்திரிகையில் அச்சிடத் தகாத வசைச்சொல்லைக் குறிப்பது. 2001இல் எரிக் ரேமண்ட் என்பவர், கேள்விகளை எப்படி அறிவோடு கேட்பது என்று நீண்ட கட்டுரையொன்றை எழுதினார். அதிலுள்ள அறிவுரைகளில் நல்லவை பல உண்டு. எனினும் அதனை முழுதும் படித்தவர்களைவிட, புதியவரை அடிக்கும் கோலாக அதனைப் பயன்படுத்தியவர்களே மிகுதி எனத் தோன்றுகின்றது. இன்னும் கொடியது ஒன்றுண்டு. உதவி கேட்டு வந்தவரிடம், வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிடும் கட்டளையைத் தீர்வு என்று கூறிக் கொடுத்துவிட்டுச் சிரித்தவர்களும் இருந்தனர். இப்பொழுது அக்கட்டளை இயங்குதளத்தின் வேர் அடைவை நேரடியாக அழிக்க மறுக்கும்படி திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஒருவருடைய சொந்தக் கோப்புகளை அழிப்பதற்கு இன்றும் அது தயங்காது. மகளின் திருமணப் புகைப்படங்களை இழந்த ஒருவரிடம் "அது வேடிக்கைக்குச் சொன்னது" என்று கூற முடியுமா?

இந்த இறுக்கத்தைத் தளர்த்தியதில் 2004இல் வெளிவந்த உபுண்டுவுக்குப் பெரும் பங்குண்டு. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய அம்முயற்சி, பங்கேற்போர் ஒருவரையொருவர் மதித்து நடக்கவேண்டும் என்பதை எழுத்து வடிவ ஒழுங்கு விதியாகவே தொடக்கத்தில் வகுத்துக்கொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகடுகளை உலகின் எந்த மூலைக்கும் அஞ்சலில் இலவசமாக அனுப்பும் திட்டத்தையும் 2011 வரை நடத்தியது. உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு 2006இல் தோன்றிய 'லினக்ஸ் மின்ட்', விண்டோஸில் பழகிய கைகளுக்கு அந்நியமாகத் தோன்றாத அமைப்பைக் கொண்டது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். வீட்டில் புதியவருக்கு எதைப் பரிந்துரைப்பது என்று என்னிடம் கேட்டால் மின்ட் என்றே கூறுவேன். அதற்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டு இடமும் வேண்டும். 4 ஜிபி இருந்தால் பிரவுசரைத் திறந்துகொண்டு நிம்மதியாகப் பணியாற்றலாம். இளைஞர்கள் தாம் விரும்பிப் பயன்படுத்தும் அரிய வகைகளைப் பெரியவர்களின் கம்ப்யூட்டரில் திணிப்பது கூடாது. அது அவர்களுடைய ஆசைக்கு மற்றவரைப் பலியாக்குவதாகும்.

இனி உதவும் முறைக்கு வருவோம். நிறுவுவதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் என்னென்ன செய்கின்றீர்கள்?" இக்கேள்வியைக் கேட்காமல் பென் டிரைவைச் செருகுபவர் உதவியாளர் ஆகமாட்டார். கடை வைத்திருப்பவர் டேலியில் கணக்கு எழுதுகின்றாரா? டேலி விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பயன்படுத்துகின்றாரா? அதன் மென்பொருள் லினக்ஸுக்கு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அச்சுப்பொறி எது? ஹெச்.பி. நிறுவனத்தின் பெரும்பாலான அச்சுப்பொறிகள் செருகியவுடன் வேலை செய்யும். நம் நாட்டுக் கடைகளிலும் அலுவலகங்களிலும் மிகுதியாகக் காணப்படும் கேனன் எல்.பி.பி. 2900 அப்படியன்று, அதனை லினக்ஸில் இயங்கவைப்பதற்குள் பொறுமை கரைந்துவிடும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எடுத்துக்கூறி, "உங்களுக்கு இது ஏற்றதன்று" என்று ஒருவரைத் திருப்பியனுப்புவதும் உதவியே.

மாறலாம் என்று முடிவு செய்தபின்னும் உடனே நிறுவிவிடக் கூடாது. லினக்ஸுக்கு ஓர் அருமையான வசதி உண்டு. வட்டில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே அதனை ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி அளவுடையது. அதனை ரூஃபஸ் அல்லது எட்சர் எனும் நிரலைக் கொண்டு பென் டிரைவில் ஏற்றவேண்டும். அவ்வாறு ஏற்றும்போது அதில் முன்பிருந்தவை யாவும் அழிந்துபோகும் என்பதை உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பென் டிரைவில் அவருடைய பேரக்குழந்தையின் படங்கள் இருக்கக்கூடும். பின்பு கம்ப்யூட்டரை மூடித் திறக்கும்போது எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் போன்ற விசைகளுள் அந்தத் தயாரிப்புக்கு உரியதை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மின்ட்டின் திரை தோன்றும்.

இப்பொழுது அவரை நாற்காலியில் அமரவைத்து, நீங்கள் அருகில் அமருங்கள். வைஃபை இணைகின்றதா? ஒலி கேட்கின்றதா? கேமரா தெரிகின்றதா? அச்சுப்பொறியில் ஒரு தாள் வருகின்றதா? பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாக இருக்கும். நிறுவியபின் விரைவாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையேல், "இதற்குப் பழையதே மேல்" என்று அப்போதே எழுந்துவிடுவார். இரண்டு மூன்று நாட்கள் இவ்வாறு பழகவிடுவது நல்லது.

அடுத்து, கோப்புகளைப் பிரதியெடுத்தல். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெளி வட்டு ஒன்றில் படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் பிரதியெடுத்து, அவ்வட்டை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பார்த்த பின்னரே அடுத்த அடி. நிறுவும்போது, வட்டை முழுதும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்கு அருகில் நிறுவுவதா என்று ஒரு கேள்வி வரும். அருகில் நிறுவுவதாயின், விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' எனும் வசதியை முதலில் நிறுத்திவிடவேண்டும். இல்லாவிடில் அது வட்டின் பகுதியைப் பூட்டிய நிலையிலேயே விட்டுச்செல்லும். வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் எதையும் தொடக்கூடாது.

நிறுவி முடிந்தது. உண்மையான உதவி இதன் பின்னரே தொடங்குகின்றது. ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள்.

"காக்கா, இன்டர்நெட் வரலை."

"வைஃபை டிரைவர் பிரச்சினையா இருக்கும். டெர்மினலைத் திற, நான் சொல்ற கமாண்டை அடி."

"டெர்மினல்னா எங்கே இருக்கு?"

"அதுகூடத் தெரியாதா உனக்கு?"

இதற்குமேல் அந்தத் தங்கை எதையும் கேட்கமாட்டாள். அவள் மாமியார் வீட்டில் அமர்ந்து, அருகில் நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்க, அச்சத்தை மறைத்துக்கொண்டு பேசியிருக்கலாம். காக்கா அதை அறியார். அவர் செய்த மற்றொரு பிழையும் உண்டு. சிக்கல் என்னவென்று தெரிந்துகொள்ளாமலே மருந்து எழுதத் தொடங்கிவிட்டார். "இன்டர்நெட் வரலை" என்னும் சொற்றொடருக்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு. வைஃபை குறியீடே திரையில் இல்லாதிருக்கலாம். குறியீடு இருந்தும் கடவுச்சொல் தவறாக இருக்கலாம். இணைப்பு இருந்தும் பக்கம் திறவாமலிருக்கலாம். அல்லது, அவள் வழக்கமாக அழுத்தும் குரோம் படம் அங்கில்லாமல், ஃபயர்ஃபாக்ஸ் எனும் நரிப்படம் இருப்பதைக் கண்டு குழம்பியிருக்கலாம். நான்கில் ஒன்றுக்குத்தான் டிரைவர் தேவை.

ஆகவே முதற் கேள்வி இவ்வாறு அமையட்டும்: "வலது பக்கம் கீழ் மூலையில் என்னென்ன படம் தெரியுதும்மா, ஒண்ணொண்ணா சொல்லு." திரையில் ஆங்கில வாசகம் இருந்தால், பொருள் கூறச் சொல்லாதீர்கள், எழுத்தை எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிரைவர்தான் சிக்கல் என்று உறுதியானால் அங்கும் ஒரு முடிச்சு இருக்கின்றது. வைஃபை டிரைவரை இறக்குவதற்கே இன்டர்நெட் வேண்டும்! பிராட்காம், ரியல்டெக் வகைச் சில்லுகள் சிலவற்றில் இது நேரும். புதியவர் இங்கே திகைத்து நின்றுவிடுவார். வழி எளிதானது. கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால் உடனே இன்டர்நெட் வந்துவிடும். பின்பு மெனுவிலுள்ள 'டிரைவர் மேனேஜர்' எனும் நிரலைத் திறந்தால், தேவையானதை அதுவே காட்டும். கட்டளை எதுவும் அடிக்க வேண்டியதில்லை.

பட்டனை அழுத்தித் தீரக்கூடியவற்றுக்கெல்லாம் கட்டளையைக் கொடுப்பது வல்லவர்களிடம் காணப்படும் பழக்கம். கட்டளை சுருக்கமானது, தவறுக்கு இடமில்லாதது என்பது அவர்கள் வாதம். அனுப்புகின்றவருக்கு அது சுருக்கம், பெறுகின்றவருக்கு மந்திரம். கட்டளைதான் ஒரே வழி என்றால், அதன் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று ஒரு வரியாவது விளக்குங்கள். 'சூடோ' எனும் சொல், கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் சற்று நேரத்திற்கு நம் கையில் தருவது. அது எதிரே இருந்தால் எச்சரிக்கையாயிருக்க வேண்டும், பொருள் தெரியாமல் யார் கொடுத்தாலும் அடிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் கொடுத்தாலும் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பொருள் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

சிறியவை என்று நாம் எண்ணுபவைதான் புதியவரை மிகுதியும் தடுக்கின்றன. டெபியன் எனும் லினக்ஸ் வகையில், டெர்மினலில் கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கின்றனர். புதியவரோ விசைப்பலகை கெட்டுவிட்டதாக எண்ணி, மீண்டும் மீண்டும் அடித்துச் சோர்ந்துபோவார். மின்ட்டை ஆக்கியவர்கள் இதனை உணர்ந்து, அடிக்கும்தோறும் நட்சத்திரக் குறி தோன்றுமாறு அமைத்தனர். ஒரு சிறு நட்சத்திரம்! எத்தனை பேருடைய பதற்றத்தை அது தணித்திருக்கும்? அதுபோலவே, டெர்மினலில் ஒட்டுவதற்குக் கன்ட்ரோல், வி விசைகள் போதா. ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்தவேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். 'சி டிரைவ்' என்று ஒன்று கிடையாது. நம்முடைய கோப்புகளெல்லாம் 'ஹோம்' எனும் அடைவில் இருக்கும். நிரல் வேண்டுமெனில் அங்குமிங்கும் தேடி இறக்கலாகாது; 'சாஃப்ட்வேர் மேனேஜர்' எனும் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், விலை கேட்பவர் எவருமில்லை. கேடயம் போன்ற படம் மூலையில் தோன்றினால் திருத்தங்கள் வந்துள்ளன என்று பொருள், வைரஸ் வந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம்.

'டைம்ஷிஃப்ட்' பற்றித் தனியே சொல்லவேண்டும். மின்ட்டோடு வரும் இந்நிரல், இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது பதிவு செய்துகொண்டு, ஏதேனும் கெட்டுவிட்டால் பழைய நிலைக்கு மீட்டுத் தருவது. முதல் நாளே அதனை இயக்கி வைப்பது உதவி செய்பவரின் கடமை. ஆனால் அது காப்பது இயங்குதளத்தை மட்டுமே. நம் படங்களையும் ஆவணங்களையும் அது வழக்கமாகப் பதிவு செய்வதில்லை. 'பேக்கப் போட்டிருக்கிறேன்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சென்றால், அந்த இல்லத்தார் தம் கோப்புகளும் பத்திரமாக உள்ளன என்று நம்பிவிடுவர். அந்த நம்பிக்கையின் விலை, வட்டு பழுதாகும் நாளில்தான் தெரியும்.

நம் இல்லங்களுக்கே உரிய தேவைகளும் சில உண்டு. தமிழில் தட்டச்சு செய்வது அவற்றுள் முதன்மையானது. மின்ட்டில் ஐபஸ் எனும் துணை நிரலை நிறுவினால், ஒலிப்பு முறையிலோ தமிழ்99 முறையிலோ எழுதலாம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறையே தமிழ்99. பழைய ஜமாஅத் அறிவிப்புகளையும் திருமண அழைப்பிதழ்களையும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்போர் பலர். அக்கோப்புகளைத் திறந்ததும் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். "எல்லாம் அழிந்துவிட்டதே" என்று வாப்பா பதறும்போது, எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும், கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உடனே கூறுங்கள். அரபி எழுத வேண்டுவோர்க்கு, கெய்ரோவின் பூலாக் அச்சகத்து எழுத்தழகைப் பின்பற்றி காலித் ஹொஸ்னி உருவாக்கிய 'அமீரி' எனும் கட்டற்ற எழுத்துரு இருக்கின்றது. மதரஸாவுக்கு வினாத்தாள் அடிப்போர் அதனைக் கண்டால் மகிழ்வர்.

கேட்பவருக்கும் சில கடமைகள் இருக்கின்றன. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் என்ன செய்வார்? எதைச் செய்ய முயன்றீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், அதற்குப் பதிலாக என்ன நடந்தது, நேற்றுவரை சரியாக இருந்ததா, இடையில் எதையேனும் மாற்றினீர்களா என்பவற்றைச் சொன்னாலே பாதித் தீர்வு கிடைத்துவிடும். மின்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' எனும் நிரலைத் திறந்தால், கம்ப்யூட்டரின் விவரம் அனைத்தையும் ஒரே பொத்தானால் பிரதியெடுத்து அனுப்பலாம். ஆனால் இவற்றைச் சொல்லத் தெரியாமல் ஒருவர் வந்தால், அவருக்கு இவ்வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது உதவுபவரின் பொறுப்பு. எழுத்தறியாத பிள்ளையிடம் போய், நீ ஏன் வாசகமாகக் கேட்கவில்லை என்று எந்த உஸ்தாதும் கடிந்துகொள்வதில்லை.

நம் மாநிலத்தில் நடந்த ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். சென்னையிலுள்ள சி-டாக் எனும் மத்திய அரசு ஆய்வு நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' எனும் இந்திய லினக்ஸை 2007இல் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கருவிகளில் விண்டோஸுடன் இந்தப் பாஸும் இடம்பெற்றிருந்தது. அதனைத் திறந்து பார்த்த மாணவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? கேரளத்திலோ அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே பாடம் நடத்துகின்றன. அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சியளித்தனர். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஒருவர் பள்ளியிலேயே இருந்தார். வேறுபாடு அங்கேதான் என நான் கருதுகின்றேன். தமிழில் எளிய கட்டுரைகளைப் படிக்க விரும்புவோருக்கு 2012 முதல் 'கணியம்' எனும் மின்னிதழ் இத்துறையில் தொண்டாற்றி வருகின்றது. ஆங்கிலம் தடையாயுள்ள தாய்மார்களுக்கு அதிலிருந்து ஒரு கட்டுரையைத் தாளில் அச்சிட்டுக் கொடுப்பதுகூடப் பேருதவியே.

நேரில் சென்று உதவும்போது செய்யவேண்டியது இன்னும் ஒன்று. மவுஸை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். நீங்கள் அரை நிமிடத்தில் முடிப்பதை அவர் ஐந்து நிமிடம் செய்வார், செய்யட்டும். விரைந்து செய்து காட்டினால் இன்றைய சிக்கல் தீரும், அடுத்த வாரம் அதே சிக்கலுக்கு மீண்டும் உங்களையே அழைப்பார், நீங்களும் சலித்துக்கொள்வீர்கள். விடை தெரியாத இடத்தில், "எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று கூறுங்கள். ஊகத்தில் ஏதேனும் கட்டளையை அடிக்கச் சொல்லாதீர்கள். அவர் செய்த படிகளைப் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவருடைய கையாலேயே, அவருடைய சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். 'கீழே பச்சை உருண்டையை அழுத்தணும்' என்று உம்மா எழுதியிருந்தால் திருத்த வேண்டாம்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூன்றை நீங்களே எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரின் கடவுச்சொல் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது என்பது ஒன்று. கடைசியாகக் கோப்புகளைப் பிரதியெடுத்த தேதி மற்றொன்று. மூன்றாவது, நிறுவிய லினக்ஸின் பெயரும், அதற்கான ஆதரவு முடியும் ஆண்டும். மின்ட் 22 வரிசை எனில் 2029. அந்த ஆண்டு நீங்கள் வெளிநாட்டில் வேலையில் இருக்கலாம். அப்போது அந்த இல்லத்திற்கு உதவ வருபவர், இந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்.